குறைமாதப் பிள்ளைக்கு எந்த எண்ணெய், எத்தனை சொட்டு?

குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும் இலங்கை குழந்தை நல மருத்துவர்கள் கல்லூரிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

கொட்டாஞ்சேனையில் ஒரு பார்மசியில் பத்தொன்பது வருடமாக மருந்து கொடுத்து வருகிறேன். நான் டொக்டர் இல்லை. ஆனால் டொக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகள் எல்லாம் கடைசியில் வந்து சேருவது எங்கள் கவுண்டருக்குத்தான். அப்படி வந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கடை பூட்டுகிற நேரம். புறக்கோட்டையில் புடவைக்கடையில் நிற்கிற ஒரு தம்பி வந்தார். சட்டைப் பையில் விலைச்சீட்டு குத்துகிற ஊசிகள் அப்படியே இருந்தன. “அக்கா, சின்னப் பிள்ளைக்குக் குடுக்கிற மீன் எண்ணெய் இருக்கா? கண்ணுக்கு நல்லதாம்” என்றார். பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். பதினாறு நாள் என்றார். இருபத்தேழு கிழமையில் பிறந்த பிள்ளை, நிறை தொள்ளாயிரம் கிராம், இன்னும் ஆஸ்பத்திரியில் பீ.பீ.யூ. என்கிற குறைமாதப் பிள்ளைகள் பிரிவில் இருக்கிறது. போனில் படம் காட்டினார். தலையில் போட்டிருந்த கம்பளித் தொப்பியில் அரைவாசி காலியாகக் கிடந்தது. வார்ட்டுக்கு வெளியே வாங்கிலில் இருந்த இன்னொரு தகப்பன் சொன்னாராம், குறைமாதத்தில் பிறந்தால் கண் போகும், மீன் எண்ணெய் கொடுத்தால் தப்பும் என்று.

என்னுடைய தட்டில் “மீன் எண்ணெய்” என்று சனம் கேட்கிற சாமான் மூன்று இருந்தது. ஒன்று மீன் ஈரல் எண்ணெய்ப் போத்தல். மற்றது பெரியவர்கள் விழுங்குகிற ஒமேகா 3 மாத்திரை. மூன்றாவது பள்ளிப் பிள்ளைகள் சப்புகிறது. மூன்றையும் கொடுக்கவில்லை. வார்ட்டில் டொக்டரிடம் கேட்காமல் எதையும் வாயில் விட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். “சரி அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். போன திசையில் இன்னும் இரண்டு பார்மசி இருக்கிறது.

அந்தத் தம்பியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. விழித்திரையில் வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்களின் சவ்வு பெருமளவு டி.எச்.ஏ. என்ற கொழுப்பமிலத்தால் ஆனது. இரத்தக் குழாய்களின் சுவருக்கு அரக்கிடோனிக் அமிலம் என்கிற இன்னொன்றும் வேண்டும். இரண்டையும் தாயின் உடம்பு நஞ்சுக்கொடி வழியாகக் கடைசி மூன்று மாதத்தில்தான் அள்ளிக் கொடுக்கிறது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிவதும் அதே காலத்தில்தான். 16ஆவது கிழமை அளவில் பார்வை நரம்புப் பக்கத்திலிருந்து கிளம்பி, மூக்குப் பக்க ஓரத்தை 36ஆவது கிழமையிலும் காதுப் பக்க ஓரத்தை 40ஆவது கிழமையிலும் தொடுகின்றன. இருபத்தேழு கிழமையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் குழாய்கள் பாதி வழியில் நிற்கும். கொழுப்பு வருகிற வழியும் அன்றோடு அறுந்துவிடும். வெளியே வந்ததும் கருப்பையில் இருந்ததைவிடக் கூடுதலான ஒக்சிசன். அதில் குழாய்களின் வளர்ச்சி நின்றுபோகிறது. சில கிழமை கழித்து விழித்திரை பசி எடுத்துக் கூப்பிட, கோணல்மாணலாகப் புதுக் குழாய்கள் கிளம்புகின்றன. அவை இழுத்தால் விழித்திரை கழன்றுவிடும். இதற்குத்தான் ஆர்.ஓ.பி. என்று பெயர்.

சரி, அறுந்துபோன கொழுப்பை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? இதைச் சுவீடனில் செய்து பார்த்திருக்கிறார்கள். கோதென்பர்க்கைச் சேர்ந்த ஆன் ஹெல்ஸ்ட்ரோம் குழுவினர் 28 கிழமைக்கு முன் பிறந்த 206 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பிறந்து மூன்று நாளுக்குள் தொடங்கி, 40 கிழமை நிறைகிற வரை எண்ணெய் கொடுத்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, எண்ணெய் கிடைக்காத 105 பேரில் 35 பேருக்குக் கடுமையான ஆர்.ஓ.பி. வந்தது. கிடைத்த 101 பேரில் 16 பேருக்கு வந்தது. பாதியாகக் குறைந்திருக்கிறது. இதை முதல் தடவை வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் என் தொழிலில் பெயரைவிட அளவு முக்கியம். அவர்கள் கொடுத்தது பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு அரக்கிடோனிக் அமிலம் 100 மில்லிகிராம், டி.எச்.ஏ. 50 மில்லிகிராம். அந்தத் தம்பியின் பிள்ளைக்குக் கணக்குப் பார்த்தால் 90உம் 45உம் வரும். எண்ணெயாக எடுத்தால் அரை மில்லிலீற்றர்கூடத் தேறாது. இப்போது என் தட்டில் இருக்கிற மாத்திரையைப் பாருங்கள். 1000 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் வழக்கமாக டி.எச்.ஏ. 120, ஈ.பி.ஏ. என்கிற வேறொரு கொழுப்பு 180. அரக்கிடோனிக் அமிலம் இல்லை என்றே சொல்லலாம். அதோடு ஈ.பி.ஏ. கூடினால் உடம்பில் அரக்கிடோனிக் அமிலம் இறங்கும். சுவீடன் ஆய்வில் எது இரண்டு மடங்காகக் கொடுக்கப்பட்டதோ அதையே குறைக்கிற சாமானைத்தான் ஒரு தகப்பன் கண்ணுக்கு நல்லதென்று நம்பிக் காசு கொடுத்து வாங்கிப் போவார். குழந்தைப் பால்மாவில் சேர்க்கிற இந்தக் கொழுப்புகள் பெரும்பாலும் நுண்பாசியிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் எடுக்கப்படுகிறவை. அப்படி எடுக்கிறவற்றுக்கு மீனோடு சம்பந்தம் இல்லை. “மீன் எண்ணெய்” என்ற பெயரே சனத்தைப் பிழையான தட்டுக்குக் கூட்டிப் போகிறது.

ஈரல் எண்ணெய் இன்னும் மோசம். அதில் ஒரு தேக்கரண்டிக்கு ஆயிரக்கணக்கான அலகு விற்றமின் ஏ இருக்கும், விற்றமின் டீ வேறு. ஒரு கிலோ இல்லாத பிள்ளையின் ஈரலில் அது தேங்கினால் மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறும். வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கம் எங்கள் சனத்திடம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது ஒரு வகை நியூமோனியா. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு இதெல்லாம் தெரியும். அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு யார் சொன்னது?

அப்படியானால் எல்லாப் பீ.பீ.யூவுக்கும் நாளைக்கே அந்த எண்ணெயை இறக்குமதி செய்யுங்கள் என்று கேட்கிறேனா? இல்லை, அதற்கு எனக்கு அறிவு போதாது. நல்லதென்று நம்பி அளவில்லாமல் கொடுத்த கதை இந்த நோயிலேயே இருக்கிறது. 1942இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தியோடர் டெரி என்ற கண் மருத்துவர் குறைமாதப் பிள்ளைகளிடம் இந்தக் குருட்டுத்தன்மையை முதலில் எழுதிவைத்தார். அவர்களைக் காப்பாற்றத் தாராளமாகத் திறந்துவிட்ட ஒக்சிசனே காரணமாக இருக்கலாம் என்று 1951இல் மெல்பேர்ணில் கேற் காம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர் சொல்லும் வரையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பார்வை போய்விட்டது. பிறகு பயந்து ஒக்சிசனை இறுக்கிப் பிடித்தபோது பிள்ளைகள் செத்தார்கள். இன்றைக்கு ஒவ்வொரு இன்குபேட்டருக்கும் மேலே ஒக்சிசன் அளவைக் காட்டுகிற மெசின் இருப்பது இந்த இரண்டு பிழையும் நடந்த பிறகுதான்.

எண்ணெயிலும் அந்த மாதிரி ஒரு பாடம் உண்டு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் 29 கிழமைக்கு முன் பிறந்த 1,273 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2017இல் முடிவு வந்தது. டி.எச்.ஏ. மட்டும், கிலோவுக்கு 60 மில்லிகிராம். நுரையீரல் தப்பும் என்று எதிர்பார்த்தார்கள். தப்பவில்லை. எண்ணெய் குடித்த பிள்ளைகளில் நூற்றுக்கு 49 பேருக்கும் குடிக்காதவர்களில் 44 பேருக்கும் நாட்பட்ட நுரையீரல் நோய் வந்தது. அதே பிள்ளைகளில் ஒரு பகுதியினரை ஐந்து வயதில் சோதித்தபோது, டி.எச்.ஏ. குடித்தவர்களின் அறிவுத்திறன் எண் சராசரியாக மூன்றரைப் புள்ளி கூடுதலாக இருந்தது. ஒரே சாமான், ஒரு பக்கம் கவலை, மறுபக்கம் நன்மை. அதிலிருந்து எது நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்று எடைபோடுகிற வேலை ஒரு பார்மசிக் கவுண்டரில் நடக்கக் கூடாது.

எடைபோடுவது முடியாத காரியமும் இல்லை. ஐரோப்பியக் குழந்தைகள் குடல், ஈரல், உணவூட்டச் சங்கம் 2022இல் குறைமாதப் பிள்ளைகளுக்கு ஓர் எல்லை வகுத்தது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு டி.எச்.ஏ. 30 முதல் 65 மில்லிகிராம், அரக்கிடோனிக் அமிலம் 30 முதல் 100 மில்லிகிராம். சுவீடனில் சோதித்தது 28 கிழமைக்கு உட்பட்ட பிள்ளைகளை மட்டும். நம்மைப் போன்ற நாடுகளிலோ முப்பது, முப்பத்தொரு கிழமைப் பிள்ளைக்கும் ஆர்.ஓ.பி. வருகிறது. இதை எல்லாம் வைத்து “இன்ன கிழமைக்கு உட்பட்ட பிள்ளைக்கு இன்னது, மற்றவர்களுக்கு வேண்டாம்” என்றோ, “இன்னும் பொறுத்திருக்கிறோம், அதுவரைக்கும் ஒன்றும் கொடுக்காதீர்கள்” என்றோ நீங்கள் எழுதினால் போதும். வேண்டாம் என்பதும் எனக்குப் பதில்தான். அதைக் காட்டி அந்தத் தம்பியைத் திருப்பி அனுப்பலாம். அப்படி எழுதிய ஒரு பக்கத்தைத் தமிழில், ஒரு தகப்பன் கையில், நான் இதுவரை பார்க்கவில்லை.

தாய்ப்பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

என் தங்கச்சியின் மகளும் இருபத்தேழு கிழமையில் பிறந்தவள்தான், 940 கிராம். ஏழு வருடமாகிறது. கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தங்கச்சி மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எவர்சில்வர் கோப்பையில் பாலைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போவாள். வார்ட்டில் இருந்த தாதி மிஸ் அதைச் சிரிஞ்சில் ஏற்றி, மூக்குக் குழாயில் பொருத்தி, கையை உயர்த்திப் பிடிப்பார். பால் தானாக இறங்கும். இறங்கி முடிந்ததும் சிரிஞ்சின் உள்சுவரில் மெல்லிய மஞ்சள் படலம் ஒன்று மிஞ்சி நிற்கும். ஒரு நாள் தங்கச்சி அதைக் காட்டி, “அக்கா, இது என்ன?” என்று கேட்டாள். அது கொழுப்பு. நாங்கள் இவ்வளவு நேரம் கதைக்கிற டி.எச்.ஏ. அதற்குள்தான் இருக்கிறது. குழாயில் மெதுவாகச் சொட்டவிட்டால் இன்னும் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு அந்த மிஸ் ஒரு துளி பாலை மறுபடியும் ஏற்றி, ஆட்டி, அந்தப் படலத்தையும் இறக்கினார். அவர் பெயரைக் கேட்காமல் விட்டதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன்.

உலகெங்கும் தாய்ப்பாலில் பார்த்த கணக்கில் கொழுப்பமிலங்களில் டி.எச்.ஏ. சராசரியாக நூற்றுக்கு 0.32 பங்கு. வயிறு நிறையக் குடிக்கிற குறைமாதப் பிள்ளைக்கு அதிலிருந்து நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் கிடைக்கும். கருப்பைக்குள் இருந்திருந்தால் அதைப் போல் இரண்டு மடங்கு கிடைத்திருக்கும். அரக்கிடோனிக் அமிலம் தாய் என்ன சாப்பிட்டாலும் பாலில் பெரிதாக மாறாது. ஆனால் டி.எச்.ஏ. மாறும். மீன் சாப்பிடுகிற கரையோரச் சனத்தின் பாலில் கூடுதலாக இருக்கும், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களின் பாலில் குறைவாக இருக்கும்.

நாங்கள் கடல் சூழ்ந்த நாடு. அப்படியிருந்தும் பிள்ளை பெற்ற எங்கள் பெண்ணுக்கு எந்த மீன் கிடைக்கிறது? பால் சுரக்கட்டும் என்று சுறா வறை கொடுப்பார்கள், நல்லது. ஆனால் எண்ணெய் நிறைந்த சூடையையும் சாளையையும் கும்பளாவையும் கிரந்தி என்று தள்ளிவைப்பார்கள். பிள்ளைக்கு உடம்பில் கரப்பன் வரும், செமியாது என்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் வைத்தார். அன்பினால் வைத்த பத்தியம் அது. அதை உடைக்க எனக்கு வாய் வராது, வந்தாலும் வீட்டில் எடுபடாது. மிட்வைஃப் மிஸ் வந்து சொன்னால் எடுபடும். தளபத்து மாதிரிப் பெரிய மீனில் பாதரசம் சேரும், சூடையும் சாளையும் நெத்தலியும் மலிவு, டி.எச்.ஏ.யும் கூடுதல், கிழமையில் இரண்டு மூன்று நாள் சாப்பிடுங்கள் என்று அவர் வாயால் வர வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பெரிய மீன் பக்கம் போக முடியாத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு இந்தச் செய்தி மனதுக்கும் ஆறுதல், காசுக்கும் ஆறுதல். சைவச் சாப்பாட்டு வீடுகளுக்கு நல்லெண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. ஆளிவிதையும் பாலில் டி.எச்.ஏ.யை உயர்த்துவது மிகக் குறைவு. நுண்பாசி எண்ணெய் மாத்திரையைத் தாய் எடுக்கலாமா என்று அவர்களுக்கும் ஒரு வரி தேவை.

உங்களால் இது முடியும் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறவர்கள் நூற்றுக்கு 82 என்று 2016ஆம் ஆண்டு ஆய்வில் வந்தது. பக்கத்து நாடுகள் பார்த்துப் பொறாமைப்படுகிற எண் அது. ஒரே செய்தியை, எம்.ஓ.எச். (பகுதி சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கிலும் வீட்டு வாசலிலும், மூன்று மொழியிலும், வருடக்கணக்காகச் சொன்னதால் வந்த எண்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. தங்கச்சியின் மகளை வீட்டுக்கு விட்டபோது டயக்னோசிஸ் கார்ட்டில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்தும் ஒரு திகதியும் எழுதியிருந்தது. அது கண் கிளினிக்குக்கான திகதி. தங்கச்சிக்கு ஆங்கிலம் வராது. கார்ட்டைக் கொடுத்தவர் அவசரத்தில் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அதில் பாதிதான் இவளுக்கு விளங்கியது. நிறை பார்க்கிற திகதி என்று நினைத்துவிட்டாள். அன்றைக்குப் பிள்ளைக்குத் தடிமல், மழை வேறு, எம்.ஓ.எச். கிளினிக்கில் நிறை பார்த்தால் போதும் என்று போகவில்லை. பத்து நாள் கழித்து நான் அந்தக் கார்ட்டை வேறு ஒரு விசயத்துக்காகக் கையில் எடுத்தேன். பார்மசியில் நிற்கிற நான், ஒரே ஒழுங்கையில் இருக்கிற நான், பத்து நாளாக அதை வாங்கிப் பார்க்கவில்லை. அன்றே ஓடினோம். கண்ணில் சொட்டு விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தார்கள். அடுத்த நாள் லேசர் செய்தார்கள்.

பார்வை தப்பியது. இப்போது இரண்டாம் வகுப்பு. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு முன்வாங்கிலில் இருக்கிறாள். கரும்பலகையில் எழுதியதைப் பார்க்க இடைக்கிடை எழும்பிப் போவாளாம். லேசர் செய்த கண்களுக்கு கிட்டப்பார்வை கூடுதலாக வரும் என்று பிறகு வாசித்தேன். அந்தப் பத்து நாளைப் பற்றித் தங்கச்சி ஒரு நாளும் என்னிடம் கதைத்ததில்லை.

எந்த எண்ணெய் கொடுத்தாலும் இந்தச் சோதனைக்கு அது மாற்றாகாது. சுவீடனில் எண்ணெய் குடித்த பிள்ளைகளிலும் 16 பேருக்குக் கடுமையாக வந்தது. மீன் எண்ணெய் கொடுக்கிறோம், இனிக் கண்ணுக்கு ஒன்றும் வராது என்று ஒரு குடும்பம் கண் கிளினிக்கை விட்டுவிடுமோ என்பதுதான் என் பெரிய பயம். பிறந்து நாலாவது கிழமை அளவில் முதல் சோதனை. அதற்குப் பிறகு டொக்டர் போதும் என்று சொல்லும் வரை திரும்பத் திரும்ப. சிகிச்சை தேவை என்று கண்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும். இதில் தாய்க்கு விளங்காத ஒரு எழுத்தும் இருக்கக் கூடாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கமும் அச்சடித்தது, சிங்களத்திலும் தமிழிலும். குறைமாதப் பிள்ளையின் தாய்க்கு அது வார்ட்டில் முதல் கிழமையிலேயே கிடைக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு அவருடைய மொழியில் வாயால் சொல்ல வேண்டும். எண்ணெய் பற்றி உங்கள் தீர்மானம் என்ன, கடையில் விற்கிற எதைக் கொடுக்கக் கூடாது, தாய் எந்த மீனைச் சாப்பிடலாம், பிழிந்த பாலின் கொழுப்பைக் குழாயில் விடாமல் இறக்குவது எப்படி என்பது ஒரு பக்கத்தில். மறுபக்கம் முழுவதும் கண் சோதனைத் திகதி. பெரிய எழுத்தில், “கண்” என்ற சொல்லோடு. அந்தத் திகதிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடமிருந்து ஒரு போன் போக வேண்டும். அதே தாளின் பிரதி ஒன்று பார்மசிகளுக்கும் வரட்டும்.

தமிழில் எழுதிய வரைவு தாய்மாருக்கு விளங்குகிறதா என்று வாசித்துப் பார்க்க ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன், தங்கச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கடையின் கண்ணாடிக் கதவில், பனடோல் விலை ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து வைத்திருக்கிறேன். ஒரு தாள் ஒட்டுகிற அளவு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மருந்தாளர்